பச்சிளங் குழவிப் பராமரிப்பு
(பரவையில் கூடிய நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வையையின் வடகரையிலுள்ள இப்பரவையில் கூடியிருக்கும் நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் சிறியதாகத் தோன்றலாம். கட்டிட நிதியைப் பற்றிப் பேச வேண்டிய சபையில் தொட்டிற் பிள்ளையின் பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் சிலர் வினவவுங் கூடும். ஒரு வயது நிரம்புமுன் இறக்கும் சிசுக்களுள் பெரும்பாலன முதல் 28 நாட்களுக்குள்ளேயே இறக்கின்றன. அந்நாட்களிற் செய்ய வேண்டுவனவற்றுட் பலவற்றிற்குக் காசு செலவில்லை.

முதலாவது வேண்டுவது சூடு. தென்னமெரிக்காவில் கொலம்பியா தேசத்துத் தலைநகராகிய பொகோட்டாவில், 1978-ஆம் ஆண்டில், பிரசவ ஆஸ்பத்திரியொன்றிற் சூட்டுப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியிற் பல சிசுக்களைக் கிடத்தியமையால் ஒன்றின் நோய் மற்றொன்றைப் பற்றிற்று. அங்கிருந்த எட்கார் ரே என்னும் வைத்தியர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாக, இடையே துணியின்றி, நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு என்னும் பிராணி குட்டியைப் பையிற் சுமப்பதனால் அதற்குக் கங்காரு முறையென்று பெயர். வறுமையாற் பிறந்த உபாயமென்று இதனை இகழ்ந்தோரும் உண்டு. ஆனால் இந்தியா உள்ளிட்ட ஐந்து தேசங்களில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட சிசுக்களைப் பிறந்தவுடனே இவ்வாறு அணைத்துவைத்தபோது, உடல்நிலை தேறிய பின்னர் அணைத்ததைக் காட்டிலும் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாய் அயர்ந்தால் தகப்பனார் மார்பும் உதவும், ஆண்பிள்ளைகள் நாணவேண்டுவதில்லை.

நிறைமாதக் குழந்தைக்கும் பிறந்தவுடன் உரிய இடம் தாயின் மார்பே. குளிப்பாட்டுதலை ஒரு நாள் தள்ளிவைத்தல் நலம். பிறந்த ஈர உடம்பு விரைவிற் குளிர்ந்துவிடும்.

இனிப் பால். முதல் மணி நேரத்திற்குள்ளேயே பாலூட்டத் தொடங்கவேண்டும். நம் வீடுகளிலோ, குடும்பத்துள் நற்குணமுடைய ஒருவரை அழைத்துச் சர்க்கரைத் தண்ணீரால் சேனை வைக்கின்றோம். அவர் குணம் பிள்ளைக்கு வருமென்பது நம்பிக்கை. அவர் விரலிலுள்ள கிருமி வருமென்பது நிச்சயம். மஞ்சள் நிறமான சீம்பாலை ஆகாதென்று பீய்ச்சிக் கொட்டுவது அதனினும் கொடிது. நோயெதிர்க்கும் சத்து அதிலேதான் செறிந்துள்ளது. கழுதைப் பாலைப் பாலாடையளவிற் கூவி விற்பவரிடம் வாங்கிப் புகட்டுவதும் அத்தகையதே.

சித்திரை வெயிலிற் பிள்ளைக்கு நா வறளாதா என்று பாட்டிமார் கேட்பர். கேள்வி நியாயமானது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கிற்கு மேல் தண்ணீரே. ஆறு மாதம் வரையில் வேறு நீர் வேண்டா. தாகம் தாய்க்கே. பத்தியமென்று அவளுக்குத் தண்ணீரைக் குறைத்தல் தகாது. பால்சுறாவும் பூண்டும் முருங்கைக் கீரையும் சமைத்துப் போடும் நம் வழக்கம் நல்ல வழக்கம். பலமுறை வெளுத்து மென்மையான பழைய வேட்டியிற் பிள்ளையைப் பொதிவதும் அவ்வாறே.

எண்ணெயை உடம்பிற் தடவலாம். மூக்கிலும் தொண்டையிலும் விடலாகாது. அது நுரையீரலிற் புகுந்து சளிக்காய்ச்சலினுங் கொடிய நோயை விளைக்கும். தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ எதுவும் வேண்டா, உலர்ந்திருந்தாற் போதும். வசம்பைக் கயிற்றிற் கோத்துக் கையிலணிவிப்போரோடு நமக்குப் பெரிய வழக்கில்லை; உரைத்து நாவிற் தடவுவோரோடு உண்டு. பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு இரைத்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலும் கைம்மருந்து தேடாமல் 108-ஐ அழைக்க.

இறுதியாக, சங்கத்தார் சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்று. 1989-இல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் அர்மிடா பெர்னாண்டஸ் என்னும் வைத்தியப் பெண்மணி இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசாங்கம் 2014-இல் அத்தகைய வங்கிகளை நிறுவியபோது மதுரை இராஜாஜி ஆஸ்பத்திரியும் அவற்றுள் ஒன்று. கொடுப்பவளுக்கு நோயில்லையென்று சோதித்து, பாலை 62.5 பாகைச் சூட்டில் அரைமணி வைத்து, உறையச் செய்து சேமிக்கின்றனர். தாய்ப்பால் கிட்டாத குறைமாதச் சிசுக்களுக்கு அது செல்கின்றது. எந்தக் குலத்துப் பால் எந்தக் குலத்துப் பிள்ளைக்கு என்று நம்முள் கேட்போர் உளர். புட்டியின்மேல் குலம் எழுதுவதில்லை. எழுதவேண்டுமென்று இச்சங்கம் கேட்குமாயின் அது நமக்கே இழுக்கு. நம் பேரப்பிள்ளையே ஏழாம் மாதத்திற் பிறந்து அங்கே கிடக்குமானால், யாருடைய பாலென்று நாம் விசாரித்துக்கொண்டிருப்போமா?

பால் கட்டி வருந்தும் இளந்தாய் நம் வீட்டில் இருப்பின், மாமியாரே முன்னின்று அவளை அழைத்துச் செல்வாராக. பரவையிலிருந்து மதுரைக்குப் பேருந்து அடிக்கடி உண்டு.