மடற்பனையும் கடைசி வாங்கும்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாகக் கூறினார். அவ்வளவில் நின்றிருந்தால் ஆசிரியர் உலகம் மகிழ்ந்திருக்கும். ஆனால் முனிவர் ஆசிரியர் ஆகாதாருக்கும் நான்கு உவமைகளை வகுத்துவிட்டார். அவற்றுள் ஒன்று மடற்பனை. பழம் தானே விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். வேண்டியபோது ஏறிப் பறிக்கக் கருக்குமட்டை விடாது. பனையோடு வாழும் யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை. பாடத்தைத் தமக்கிசைந்த வேகத்திற் சொல்லி முடித்து, மணியடித்ததும் வெளியேறும் ஆசிரியரை, விளங்காத பிள்ளை நெருங்கிக் கேட்க இயலுமா என்பதே முனிவர் எழுப்பும் வினா.

பருத்தித்துறை வீதியில் கோப்பாயை அடுத்து வருவது நீர்வேலி. செம்மண்ணும் வாழைத் தோட்டமும் நிறைந்த ஊர். 19ஆம் நூற்றாண்டிற் சங்கர பண்டிதர் தமிழும் வடமொழியும் வளர்த்த ஊர். அயலூராகிய கோப்பாயிலோ ஆசிரியர் கலாசாலை உண்டு. கல்விக்குப் பழகிய இத்தகைய சூழலிலும், ஆறாந் தரத்தின் கடைசி வாங்கில், தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்து வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை ஒன்று இருத்தல் கூடும். வகுப்பு முழுவதும் சேர்ந்து வாசிக்கும்போது அதன் குரலும் கேட்கும். தனியே எழுப்பினால் மௌனம்.

அம்மௌனத்தைச் சோம்பல் என்று எண்ணுவது எளிது. 2020 மார்ச்சிற் பள்ளிகள் மூடப்பட்டபோது, முதலாந் தரத்திற் சேர்ந்து மூன்று மாதமும் ஆகாத பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். இடாப்பில் அவர்கள் ஆண்டுதோறும் தரம் உயர்ந்தனர். எழுத்தறிவு அவ்வாறே உயர்ந்ததா என்று பார்த்தவர் சிலரே. வீட்டிலே சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்பர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்து செல்ல நேர்ந்தபோது, இன்றைய பெற்றோர் பலர் பள்ளிச் சிறார். அவர்களுடைய கல்வியிலும் அப்போது ஒரு துண்டு அறுந்தது. அத்துண்டு இன்று அவர்தம் பிள்ளைகளின் கொப்பிகளிலே தெரிகின்றது.

யாழ்ப்பாணத்தில் வாங்கு என்பது வெறும் மரப்பலகையன்று. சாதியின் பெயரால் ஒரு சாரார் பிள்ளைகள் தரையில் இருத்தப்பட்ட காலம் இருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சம ஆசனம் வேண்டும் என்ற முயற்சி எழுந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் அதற்குத் துணை நின்றனர். எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. இவ்வாறு பாடுபட்டுக் கிடைத்த வாங்கில் இருத்தியபின், அப்பிள்ளையை ஆசிரியரின் கண் சென்று தொடாவிட்டால், தரையில் இருந்ததற்கும் வாங்கில் இருப்பதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே. இது கடுஞ்சொல்லாகத் தோன்றலாம். எனினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இனி, செய்யத்தக்கது யாது? முதலில் வாசிக்கத் தெரியாதவர் யாவர் என அறிதல் வேண்டும். பிள்ளைகள் பாடத்தைக் காதாற் பாடமாக்கிவிடுவர். ஆதலின் கற்பித்த பக்கத்தை வாசிக்கச் செய்வதாற் பயனில்லை. வரியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொன்னால் உண்மை வெளிப்படும். கடைப் பலகை, பேருந்துப் பலகை, மருந்துப் போத்தலின் சீட்டு ஆகியனவும் நல்ல சோதனைகளே. தடுமாறும் இடத்தையும் குறித்துக்கொள்க. பலர் தடுமாறுவது மெய்யெழுத்திலன்று, கொம்பிலே. ‘கொ’ என்பதில் இடப்புறத்துக் கொம்பு கண்ணுக்கு முதலில் வருகின்றது. ஒலியோ ககரத்திற் தொடங்குகின்றது. காலும் கொம்பும் ஓர் எழுத்தைச் சூழ்ந்து நின்று ஒரே ஒலியாவது வளர்ந்தவருக்கு இயல்பு. பிள்ளைக்கு அது புதிர். இதனை அறியாது ‘இன்னும் பத்துத் தரம் எழுது’ என்பது, வழி தெரியாதவனை விரைந்து நட என்பது போலாகும்.

அடுத்து, தனித்தனியே வாசிக்கக் கேட்டல். நேரமில்லை என்பது எல்லா ஆசிரியரும் கூறும் மறுமொழி, அது பொய்யுமன்று. முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் நாளொன்றுக்கு எழுவரை, ஆளுக்கு இரண்டு நிமிடம் கேட்டால், செலவு பதினான்கு நிமிடம். மற்றையோர் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் இது நடைபெறலாம். வாரத்துக்கு ஒருமுறை எல்லாருடைய குரலும் ஆசிரியர் செவிக்கு எட்டிவிடும். மிகப் பின்தங்கிய இருவர் மூவரை மட்டும் நாடோறும் அழைத்தல் வேண்டும். அதுவும் மேசையருகே, மெல்லிய குரலில். வகுப்பார் சிரிப்புக்கு இடையே எப்பிள்ளையும் வாசிக்கப் பழகியதில்லை.

வினாவும் ஒரு கலை. பெயரைச் சொல்லிப் பின் வினாவினால், ஏனைய முப்பத்துநால்வரும் ஓய்வு கொள்வர். வினாவை முதலில் விடுத்து, மனத்துள் ஐந்துவரை எண்ணி, அதன்பின் பெயர் சொல்லுதல் நன்று. கையுயர்த்தியவரையே அழைத்துக்கொண்டிருப்பது கிணற்றடிப் பாத்திக்கே நீர் பாய்ச்சுவதாகும். நீர்வேலித் தோட்டக்காரர், துலா மிதித்த நாளிலும் சரி, இயந்திரம் கொண்டு இறைக்கும் இந்நாளிலும் சரி, கோடியிலுள்ள வாழைக்கு நீர் சென்று சேர்ந்ததா என்று பாராமல் வாய்க்காலை விட்டு அகலார்.

கொப்பி திருத்துதல் பற்றி ஒரு சொல். பக்கம் முழுவதும் செம்மை பூசிய கொப்பியைப் பிள்ளை திறந்து பாராது. ஒரு முறைக்கு இரண்டு வகைப் பிழை போதும். ‘கவனம்’ என்று எழுதுவதில் யாதொரு பயனுமில்லை. எதிற் கவனம் என்று எழுதுவதே திருத்தம்.

புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கும் காலத்தில் ஐந்தாந் தர ஆசிரியரின் இடர் பெரிது. சித்தியடையக்கூடிய சிலர் மீதே பெற்றோரும் அதிபரும் கண்வைத்திருப்பர். அவ்வாசிரியரைக் குறை கூறுதல் எளிது. அவருடைய இடத்தில் நின்று பார்த்தல் அரிது. ஆயினும் முனிவரின் மற்றோர் உவமை இங்கே நினைவுக்கு வருகின்றது. அது முடத்தெங்கு. ஒருவர் வளவில் வேரூன்றி நீருண்டு, வேலிக்கப்பால் வளைந்து பிறருக்குக் காய் சொரியும் தென்னை. பகலில் வகுப்பறையிற் களைத்திருந்து, மாலையிற் கட்டண வகுப்பில் உற்சாகம் கொள்ளுதல் எம்மரத்தின் இயல்பு என்று கேட்போரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

பெற்றோரை அழைத்துப் பேசும்போது முறைப்பாட்டோடு தொடங்கலாகாது. தோட்டவேலையை இடையில் விட்டு வந்த தாய், மகனைப்பற்றி ஒரு நல்ல செய்தியை முதலிற் கேட்டால் இருந்து பேசுவாள். இல்லையேல் தலைகுனிந்து போய்விடுவாள், மறுமுறை வரவும் மாட்டாள். அவளும் எழுத்துக்கு அஞ்சுபவளாயிருக்கலாம். அவளிடம் கற்பிக்கும்படி கேளாமல், இரவில் பத்து நிமிடம் பிள்ளை வாசிக்க அருகில் இருந்து கேட்கும்படி மட்டும் வேண்டினாற் போதும்.

சில மாதங்களில் அப்பிள்ளை ஒரு சிறுகதையைத் தட்டுத்தடுமாறாது வாசிக்கும் நிலைக்கு வரும். அப்போது பாராட்டுக் கூட்டம் எதுவும் வேண்டாம். கதைப் புத்தகத்தைக் கையிற் கொடுத்து, முதலாந் தரத்துச் சிறுவருக்கு வாசித்துக் காட்டிவரும்படி அனுப்பலாம். தொடக்கத்தில் அதன் குரல் நடுங்கும். ஆசிரியர் வாசலில் நின்று எட்டிப் பாராமல், தம் வகுப்புக்குத் திரும்பிவிடுவது நலம்.