ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டால்

வடசென்னையின் காலடிப்பேட்டைக்குக் கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றோடு ஐப்பசி மழையும் சேர்ந்தால், தெருவில் நிற்கும் காரின் பின் பிரேக்குக்குக் கேடுதான். ஹேண்ட் பிரேக் போட்டுச் சில நாள் நிறுத்திய கார், லீவரை இறக்கிய பிறகும் நகர மறுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள். பிரேக் ஷூவில் ஒட்டியுள்ள லைனிங் பெயர்ந்துவிடும்.

மெக்கானிக்கை அழைத்து, பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கேபிளைத் தளர்த்தச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்ற முடிந்தால், சிக்கியது கேபிள்தான். உறை கிழிந்து தண்ணீர் புகுந்து, உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும். எண்ணெய் விட்டால் நாலு நாள் ஓடும், மாற்றுவதே சரி. கேபிளைத் தளர்த்தியும் சுற்றாவிட்டால் கோளாறு பிரேக் டிரம்முக்குள்ளே. டயரின் உட்பக்கம் பிரேக் ஆயில் கசிந்து ஈரமாக இருந்தால், அந்தக் காரை எடுக்கவே கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது உயிர்ப் பிரச்சினை.

லீவர் வழக்கத்தைவிட உயரே வருகிறதா? பலர் கேபிளை முறுக்கிவிடுகிறார்கள். தவறு. முதலில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் பல நாள் நிறுத்துவதானால், சமதளத்தில் முதல் கியர் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள்.