சுகாதார இலாகாவின் கணக்கு

(குரோம்பேட்டையில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவின் சாரம்)



சுகாதார இலாகாவின் கணக்கு முறையை நவீனப்படுத்துவது என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "கணக்கு எழுதுவது குமாஸ்தா வேலையாயிற்றே, இதற்கு ஒரு பொதுக்கூட்டம் எதற்கு?" என்று நினைக்கக்கூடும். அப்படி நினைப்பவர்களுக்காகவே முதலில் ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் வருஷம் கொரோனா நோய் நம்மைப் பிடித்து ஆட்டிய காலத்தில், இன்று இத்தனை பேருக்கு நோய், இத்தனை பேர் சாவு என்று நம் சர்க்கார் தினந்தோறும் ஓர் அறிக்கை வெளியிட்டு வந்தது. நாமும் மாலையானால் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அதே சமயத்தில் சென்னை மாநகராட்சியும் வழக்கம்போலத் தன் மரணப் பதிவேட்டை எழுதிக்கொண்டுதான் இருந்தது. ஜூன் மாதத்தில் இந்த இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பது வெளியாயிற்று. பத்திரிகைகள் எழுதின, சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது, கமிட்டி இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஜூலை 22ந் தேதி, முன்பே இறந்துபோன 444 பேர் கொரோனாவினால் செத்தவர்கள் என்று ஒரே நாளில் புதிதாகக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள்.

தோழர்களே! 444 என்பது சின்ன எண்ணா? அந்த 444 பேரும் காட்டில் யாருக்கும் தெரியாமல் செத்தவர்களல்ல. பட்டணத்துக்குள்ளே, அதிகாரிகளும் டாக்டர்களும் நிறைந்த இடத்திலே செத்தவர்கள். ஒரு புத்தகத்தில் அவர்கள் பெயர் இருந்தது. இன்னொரு புத்தகத்தில் இல்லை. ஒரே நகரத்தில், ஒரே சாவுக்கு இரண்டு இலாகா இரண்டு கணக்கு எழுதியும், ஒன்று மற்றொன்றைக் கேட்கவில்லை. யாராவது வேண்டுமென்றே மறைத்தார்களா என்ற வழக்குக்கு நான் இப்போது போகவில்லை. அதைப் பேசுவதற்கு அரசியல்காரர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். மறைக்க வேண்டுமென்று ஒருவரும் நினைக்காவிட்டாலும், இப்படிப்பட்ட ஏற்பாட்டில் மனிதர்கள் தாமாகவே மறைந்து போவார்கள் என்பதுதான் நான் சொல்லுவது. அப்போது நம் குரோம்பேட்டை சென்னை மாநகராட்சியில் சேர்ந்ததல்ல. செங்கற்பட்டு ஜில்லாவில் பல்லாவரம் நகராட்சியைச் சேர்ந்தது. இங்கே வீடு, பட்டணத்து ஆஸ்பத்திரியில் சாவு என்றால் அவர் எந்த ஊர்க் கணக்கு? இருவரும் எழுதினால் ஒருவர் இருவராவார். இருவரும் எழுதாவிட்டால் அவர் சாகவேயில்லை என்றாகும்!

இந்தக் கோளாறு நேற்று வந்ததல்ல. நம் மாகாணத்தில் ஜனன மரணப் பதிவுக்கு 1899லேயே ஒரு சட்டம் உண்டு. கிராமங்களில் பரம்பரையாக வந்த உத்தியோகஸ்தர்கள்தான் இதை எழுதினார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் ஏறக்கூடாத ஜாதியான் வீட்டில் குழந்தை பிறந்தால் என்ன, செத்தால் என்ன? சேரிச் சாவு கணக்கில் ஏறினால் அது அந்தப் புண்ணியவானின் தயவு. ஏறினாலும் என்ன வியாதி என்ற இடத்தில் "ஜுரம்" என்று ஒரே வார்த்தை. மலேரியா ஜுரமானாலும், பிரசவத்தில் வந்த ஜுரமானாலும், நெஞ்சில் சளி கட்டி வந்ததானாலும் எல்லாம் ஜுரந்தான். பழைய சுகாதார அறிக்கைகளைப் பார்த்தால் நாட்டில் பாதிப் பேர் ஜுரத்திலேயே செத்தது போலத் தோன்றும். பரம்பரைக் கிராம உத்தியோகம் 1980இல் தான் ஒழிந்தது. ஜனன மரணப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது 1969இல்.

சரி, அதெல்லாம் பழைய கதை, இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்பீர்கள். வந்துவிட்டது, வாஸ்தவந்தான். ஆனால் 2020ஆம் வருஷத்துக் கணக்குப்படி, இந்திய தேசத்தில் பதிவான சாவுகளில் 100க்கு 22, 23 சாவுகளுக்குத்தான் இன்ன வியாதியால் செத்தார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த அத்தாட்சி இருக்கிறது. பாக்கிப் பேர் எதனால் செத்தார்கள் என்பது சர்க்காருக்கு அத்தாட்சியோடு தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து "ஜுரம்" என்று எழுதுவதற்கும், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து "காரணம் குறிப்பிடப்படவில்லை" என்று தட்டுவதற்கும் என்ன வித்தியாசம்? மை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரும்புப் பெட்டிக்குள் போட்டதனால் பொய் மெய்யாகிவிடாது.

கணக்கு ஒழுங்காக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீமையில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 1854இல் லண்டன் பட்டணத்தில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா கண்டு நூற்றுக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். கெட்ட காற்றினால்தான் காலரா வருகிறது என்பது அக்காலத்துப் பெரிய மனிதர்களின் அபிப்பிராயம். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மட்டும் தண்ணீர்தான் காரணம் என்றார். வெறும் வாயால் சொல்லவில்லை. இறந்தவர்களின் பட்டியலை ஜனன மரண ஆபீசிலிருந்து வாங்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய், எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தீர்கள் என்று விசாரித்தார். சாவுகள் ஒரு குழாயைச் சுற்றியே இருந்தன. பக்கத்திலிருந்த சாராயக் காய்ச்சுமிடத்து ஆட்கள், அங்கே கிடைத்த பீரையே குடித்து வந்ததால், தப்பினார்கள். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலை வைத்திருந்த வில்லியம் பார் என்னும் அதிகாரியே கெட்ட காற்றுக் கட்சியைச் சேர்ந்தவர். ஆனாலும் அவர் வாராவாரம் சாவுகளை இடம், வியாதி போட்டு யோக்கியமாக எழுதி வைத்தார். அவர் எழுதிய கணக்கே பிற்பாடு அவருடைய அபிப்பிராயத்தையும் மாற்றிற்று. நம் நாட்டு ஜோசியன் இப்படி ஒரு புத்தகம் வைத்திருக்கிறானா? பலித்ததை ஊர் முழுவதும் சொல்லுவான். பலிக்காததை எந்தக் குறிப்பிலும் எழுதமாட்டான். தனக்குச் சாதகமான எண்ணை மட்டும் அறிக்கையில் போடுகிற இலாகாவும் ஜோசியம்தான் பார்க்கிறது என்பேன்.

லண்டனுக்குப் போக வேண்டாம். 2024 டிசம்பரில், நமக்கு அடுத்த பல்லாவரத்தில் பலர் வாந்தியும் பேதியுமாக விழுந்து, இதே குரோம்பேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டது உங்களுக்குத் தெரியும். உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. உடனே என்ன நடந்தது? குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் ஜனங்கள். தண்ணீரல்ல, சாப்பாடு என்ற பேச்சு அதிகாரத்திலிருந்து வந்தது. கட்சிக்கு ஒரு காரணம் கிளம்பிற்று. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள், அது வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு வாரமும் எந்தத் தெருவில் எத்தனை பேருக்குப் பேதி கண்டது என்ற கணக்கு, சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்தும் தெருக்கோடிக் கிளினிக்கிலிருந்தும் ஒரே இடத்துக்கு அன்றன்றைக்கு வந்து சேர்ந்து, தண்ணீர்க் குழாய் எங்கே சாக்கடையைத் தாண்டிப் போகிறது என்ற படத்தின்மேல் வைத்துப் பார்க்கப்படுமானால், மூன்றாவது நோயாளியிலேயே சந்தேகம் வந்திருக்குமல்லவா? நோய்க் கண்காணிப்புக்கு என்று 2004 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. 2021இல் அதைப் புதிய கம்ப்யூட்டர் முறைக்கும் மாற்றினார்கள். ஆனால் நம்மவர்களில் பெரும்பாலோர் பேதி என்றால் முதலில் போவது மருந்துக் கடைக்கும் தனியார் டாக்டரிடத்துக்குமே! அங்கேயிருந்து தகவல் வராத வரையில் டில்லியிலுள்ள இயந்திரம் எவ்வளவு புதிதாயிருந்தாலும் அதற்குப் பல்லாவரத்துத் தெரு தெரியாது.

நல்லதையும் சொல்லவேண்டும். கர்ப்பிணிகள் விஷயத்தில் நம் ராஜ்யம் செய்திருப்பது மெச்சத்தக்கது. நம் வழக்கம் என்ன? பெண் புருஷன் வீட்டில் கர்ப்பமாகிறாள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுகிறாள். குரோம்பேட்டையில் ஆறு மாதம் பார்த்த நர்சு அம்மாள் புத்தகத்தில், இவளுக்கு இரத்தம் குறைவு, இரத்த அழுத்தம் அதிகம் என்று எழுதியிருக்கும். திண்டிவனத்துப் பக்கம் தாய் வீட்டுக்குப் போனதும் அங்கே இருக்கிற நர்சு அம்மாளுக்கு இவள் புது ஆள். பிரசவ வலி வந்த இரவில்தான் எல்லாம் தெரியும். அப்போது தாய் செத்தால் "விதி" என்று சொல்லிவிடுவோம். விதி என்பது இங்கே என்ன? ஒரு புத்தகம் ஊர் தாண்டி வராததுதானே! பிக்மி என்ற பதிவு முறையில் கர்ப்பிணிக்கு ஓர் எண் கொடுத்து, அவள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண்ணோடு அவள் கணக்கும் போகும்படி செய்திருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் கொடுக்கிற 18,000 ரூபாய் உதவியும் இந்தப் பதிவை வைத்துத்தான். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று உத்தியோகஸ்தர்களும் டாக்டர்களும் உட்கார்ந்து விசாரிக்கிற வழக்கமும் இங்கே ஏற்பட்டிருக்கிறது. 2018-20இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19 என்பதையும் மறக்கவேண்டாம்; நாம் மார் தட்டிக்கொள்ள இடமில்லை.

ஆனால் இந்தக் கணக்கை எழுதுகிறவள் யார்? சம்பளம் குறைந்த, கால் தேய நடக்கிற ஒரு பெண். தடுப்பூசிக்கு ஒரு நோட்டு, கர்ப்பிணிக்கு ஒரு நோட்டு, சர்க்கரை வியாதிக்கு ஒரு நோட்டு. இவ்வளவையும் கையால் எழுதி, பிறகு அதையே கைப்பேசியில் ஏற்றி, மாதக் கடைசியில் அதையே தொகுத்து மேலே அனுப்பவேண்டும். நவீனம் என்ற பேரால் நோட்டும் போகவில்லை, இயந்திரமும் சேர்ந்துகொண்டது. மேலதிகாரி ஒரு புதுப் பத்தியைச் சேர்க்க அரை நிமிஷம். அவள் அதை நிரப்ப ஆயிரம் வீடு ஏறவேண்டும். அவள் ஒரு நாள் களைத்துப்போய் நேற்றைய எண்ணையே இன்றும் எழுதிவிட்டால் அது அவள் குற்றமா? கேட்கிறவர்கள் கேட்கிற லட்சணம் அப்படி. ஒரு தடவை எழுதியது போதும், இலாகாக்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற ஏற்பாடு வரவேண்டும். அவள் அனுப்பிய கணக்கிலிருந்து, "உன் எல்லையில் இந்த வாரம் பார்க்கவேண்டிய வீடு இவை" என்று அவளுக்கே திரும்பி ஒரு பதில் வரவேண்டும்.

குறைவான கேள்வி எவ்வளவு செய்யும் என்பதற்கு அடுத்த ஸ்டேஷனைப் பாருங்கள். தாம்பரம் சானடோரியம் 1928இல் டாக்டர் சவுரி முத்து என்பவரால் க்ஷய ரோகிகளுக்காக ஏற்பட்டது. க்ஷய ரோகியை நல்ல காற்றும் ஓய்வும் உள்ள இடத்தில் படுக்க வைத்துத்தான் குணமாக்க முடியும் என்பது உலகம் முழுவதும் இருந்த நம்பிக்கை. 1956இல் சென்னையில் 193 ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவாரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துக் கணக்கு எடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் அது வெளிவந்து உலகத்தின் வைத்திய முறையையே மாற்றிற்று. இப்போது 2022 முதல் நம் ராஜ்யத்தில் க்ஷயம் கண்டவுடனே ஐந்தே விஷயம் பார்க்கிறார்கள்: உயரத்துக்குத் தக்க எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. இதில் மோசமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். முதலில் இது வெறும் காகிதத்தில்தான் நடந்தது. ஐம்பது கேள்வி கேட்டு வருஷக் கடைசியில் அச்சுப் போடுவதைவிட, ஐந்து கேள்வி கேட்டு அன்றைக்கே படுக்கை கொடுப்பது மேலான நவீனம் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதினால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திருடலாம். 1990களில் மற்ற இடங்களில் விரட்டப்பட்ட எய்ட்ஸ் நோயாளிகள் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர் தெருவுக்குத் தெரிந்தால் வீட்டுக்காரன் வீட்டைக் காலி செய்யச் சொல்லுவான், முதலாளி வேலையை விட்டுப் போகச் சொல்லுவான். இவர்கள் விஷயத்தை இரகசியமாக வைக்கவேண்டும் என்று 2017இல் சட்டம் வந்தது. நமக்கு வேண்டியது நோயின் கணக்கு. நோயாளியின் ஜாதியையும் மானத்தையும் கண்டவன் பார்க்கும்படி கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லவில்லை. யார் யார் பார்த்தார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கவேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடியது சில உண்டு. வீட்டில் பிறப்பானாலும் இறப்பானாலும் 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். அதற்குள் செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால், இன்ன காரணத்தால் இறந்தார் என்ற அத்தாட்சியின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். 2023ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டப்படி அது நெருங்கிய சொந்தக்காரருக்குக் கொடுக்கப்பட வேண்டியது. "மாரடைப்பு" என்று மட்டும் எழுதிக்கொடுத்தால், அடைத்ததற்கு முன்னே இருந்த வியாதி எது என்று கேளுங்கள். தாம்பரம் மாநகராட்சி மெம்பர்களை வார்டில் கண்டால், போன மாதம் நம் வார்டில் எத்தனை பேருக்குப் பேதி கண்டது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.