கேட்டுவிட்டுக் கட்டுங்கள்



இங்கே கூடியிருக்கும் நம்மை வளர்ச்சிக்கு எதிரிகள் என்கிறார்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தென்சென்னையில், வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிற நம்மில் பாதிப் பேர் ஒரு காலத்தில் புதுக் கட்டடத்துக்குக் குடிவந்தவர்கள். நமக்கு வீடு கிடைத்ததுபோல அடுத்தவருக்கும் கிடைக்கட்டும். ஆனால் எங்கே கட்டுகிறீர்கள், எத்தனை மாடி, குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று, அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லையா? மத்திய அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். சுரங்கம் தோண்ட, அனல்மின் நிலையம் வைக்க மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கச் சொல்லும் அதே அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டமே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆயிரம் குடும்பங்கள் வந்து சேரப்போகும் தெருவில், ஏற்கெனவே இருக்கும் நூறு குடும்பங்களின் வாய்ச்சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. நமக்குத் தெரிய வருவது எப்போது? பச்சை வலை கட்டி, பைலிங் மெஷின் இறங்கி, சுவர் அதிர ஆரம்பித்த பிறகு.

எங்கள் பகுதியின் பழைய தெரு ஒன்றுக்கு வாருங்கள், காட்டுகிறேன். முன்பு மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போன வீடு. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். எதிரே காலியாகக் கிடந்த மனையில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி நான்கடி உயர்த்தி அடுக்குமாடி எழுப்பினார்கள். இன்று அந்த வீட்டுக்குப் படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழை பிடித்தால் அந்த வீட்டு அம்மா முதலில் செய்கிற வேலை, அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றுவது. அடுத்தது, சாக்கில் மணல் நிரப்பி வாசலில் அடுக்குவது. எதிர்க் கட்டடத்தின் பிளானில் அவர் வீடு இல்லை; அவர் வாசலுக்கு வரப்போகும் தண்ணீரும் இல்லை.

2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 2. அகலமான சாலையில் உயர்மாடி எழுப்பினால் 3.25. ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2,400 சதுர அடி மனைக்கு, 4,800 கட்டிய இடத்தில் 7,800 சதுர அடி கட்டலாம் என்று பொருள். கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் உண்டு. அந்தப் பணம் வாங்குகிறவர்கள் கழிவுநீர்க் குழாயையும் அதே அளவுக்குப் பெரிதாக்கினார்களா? நம் தெருக்களில் இன்றைக்கும் தண்ணீர் லாரி ஒரு பக்கம் வருகிறது, கழிவுநீர் லாரி மறுபக்கம் போகிறது.

மழைத் தண்ணீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்துப் பக்கம் கடலில் கலக்கிறது. 2022இல் அதை ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அறிவித்தார்கள். அப்படி அறிவித்த பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். பழைய சதுப்புநிலத்தின் பெரும்பகுதி குப்பைமேடும் சாலையும் கட்டடமும் ஆனது. 2015இலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் படகு வந்த தெருக்கள் எவையென்று இங்கிருக்கும் சிறுபிள்ளையும் சொல்லும்.

இனிச் சொல்லப்போவது நம்மில் சிலருக்குக் கசக்கும். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்களை, வெள்ள அபாயம் என்று சொல்லிப் பெயர்த்தெடுத்து, பல கிலோமீட்டருக்கு அப்பால் சதுப்புநிலத்து ஓரத்தில் கண்ணகி நகர், எழில் நகர், பெரும்பாக்கம் என்று குடியமர்த்தினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடி. லிஃப்ட் நின்றால் குடத்தோடு ஏழு மாடி ஏற வேண்டும், நிறைமாதக்காரியும்தான். அவர்களை யாராவது கேட்டார்களா? நம்மையும் கேட்கவில்லை, அவர்களையும் கேட்கவில்லை. ஆனால் நம் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் சிலர் என்ன பேசுகிறார்கள்? "அந்த ஜனங்கள் வந்ததால்தான் ஏரியா கெட்டது" என்கிறார்கள். இந்தப் பேச்சு இந்த மேடைக்கு ஆகாது! பால்கனிக் காற்றையும் மனை விலையையும் காக்க மட்டும் கூடியிருப்பவர்கள் தயவுசெய்து வேறு கூட்டம் போட்டுக்கொள்ளட்டும்.

கட்டடத்தைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும், அது இன்ஜினியர் வேலை என்பார்கள். புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில், 2021இல், புதிதாகக் குடிபோனவர்கள் கையால் தொட்டதும் சுவர்ப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அதை ஊருக்குக் காட்டியவர்கள் குடியிருந்தவர்கள். அதன் பிறகுதான் ஐஐடி வல்லுநர்கள் வந்து சோதித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து தரைமட்டமாயின. ஒரு உயிரும் போகவில்லை. ஏன்? விரிசலைக் கண்ட குடியிருப்புவாசிகள் ஒருவர் கதவை ஒருவர் தட்டி, ஒருவரையொருவர் வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்கள். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்தபோது அப்படி எச்சரித்து வெளியேற்ற யாருமில்லை. 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள்.

நகர்ப்புறத்தில், பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபை நடத்த 2022இல் விதி போட்டிருக்கிறார்கள். நல்ல விதி. தெருவிளக்கையும் குப்பைத் தொட்டியையும் பேசிவிட்டுக் கலையும் இடமாக அதை விட்டுவிடாதீர்கள். நம் வார்டில் வரும் ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் வரைபடமும், வாரியக் குடியிருப்பும் சேர்த்து, அனுமதி தருவதற்கு முன்னால் அந்தச் சபையில் தமிழில் வைக்கப்பட வேண்டும். மனையை எத்தனை அடி உயர்த்தப்போகிறார்கள், மழைநீரை எந்தக் கால்வாயில் விடப்போகிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். நாம் சொல்லும் ஆட்சேபணைக்கு எழுத்தில் பதில் வரும்வரை அனுமதிக் கோப்பு நகரக் கூடாது.

மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள், 2023 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவா, இடுப்பளவா, எத்தனை நாள் நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதையும் சேர்த்துத்தான் கொடுக்கப்போகிறோம்.