பாக்ஸர் அடி பலமா, குங்ஃபூ அடி பலமா?

காஞ்சிபுரத்துல இருந்து பேசுறேன்னு சொன்னாலே ஒரு கேள்வி வந்துடும்: "போதிதர்மர் ஊராச்சே, குங்ஃபூ அடி பலமா, பாக்ஸிங் அடி பலமா?" 2011ல '7ஆம் அறிவு' வந்ததுல இருந்து இது ஓயவே இல்ல. போதிதர்மர் காஞ்சி இளவரசர்ங்கிறது வழிவழியா வர்ற கதை. அவரை உடற்பயிற்சிக் கலையோட சேர்த்துச் சொல்ற 'யிஜின் ஜிங்' நூல் 17ஆம் நூற்றாண்டுல எழுதினது. அவர் வாழ்ந்ததா சொல்ற காலத்துக்கு ஆயிரம் வருஷம் பின்னாடி. அதனால ஊர்ப் பெருமையை ஓரமா வச்சிட்டு, அடியைப் பார்ப்போம்.

1985ல ஹெவிவெயிட் பாக்ஸர் ஃபிராங்க் புரூனோவோட குத்தை அளந்தாங்க. 4,096 நியூட்டன். சுமார் 400 கிலோ எடையை ஒரு நொடியில சின்ன துணுக்கு நேரம் வச்சு அழுத்துற மாதிரி. 2000ல வந்த இன்னொரு ஆய்வுல, தேர்ந்த பாக்ஸர்களோட பின்கை குத்து சராசரி 4,800 நியூட்டன், புதுசா கத்துக்கிறவங்களோடது 2,381. பாதிதான்!

அந்த வித்தியாசம் கையில மட்டும் இல்ல. பின்னங்கால் தரையைத் தள்ளுது, இடுப்பு திரும்புது, தோள் வருது, கடைசியாத்தான் முஷ்டி. கராத்தேவுலயும் நம்ம குத்துவரிசையிலயும் இதே கணக்குதான். ஆனா பாக்ஸருக்கு வேற ஆயுதமே இல்ல. மொத்தப் பயிற்சியும் ரெண்டு கைக்குத்தான். காலையும் தடுக்கணும், பிடியையும் தடுக்கணும்னு நிக்கிறவர் அவ்வளவு எடையைக் குத்துல இறக்க முடியாது.

விதி மாறினா கதையும் மாறும். 1976, டோக்கியோ. முகமது அலியும் மல்யுத்த வீரர் இனோக்கியும் மோதினாங்க. இனோக்கி தரையில படுத்துக்கிட்டே அலியோட காலை உதைச்சாரு. 15 ரவுண்டுல அலி விட்ட குத்துகளை விரல் விட்டு எண்ணிடலாம். முடிவு டிரா. காயம் அலியோட காலுக்கு.

இப்போ தலைகீழா பாருங்க. எம்எம்ஏ வீரர் பிரான்சிஸ் இங்கானு, குத்து மெஷின்ல சாதனை படைச்சவர்னு விளம்பரப்படுத்தப்பட்டவர். 2023 அக்டோபர்ல பாக்ஸிங் ரிங்குக்கு வந்து, மூணாவது ரவுண்டுல டைசன் ஃபியூரியையே கீழே விழ வச்சாரு. ஆனா தீர்ப்பு ஃபியூரிக்குத்தான். அடுத்த மார்ச்ல ஆண்டனி ஜோஷுவா ரெண்டே ரவுண்டுல இங்கானுவை நாக்அவுட் பண்ணிட்டாரு. நம்ம ஐடி பாஷையில சொன்னா, பெஞ்ச்மார்க் ஸ்கோர் வேற, புரொடக்‌ஷன் வேற. மெஷின் நகராது; ஜோஷுவா நகருவாரு.

அதனால எந்த கிளாஸ்ல சேரலாம்னு கேக்குறவங்களுக்கு: "எந்தக் கலையில அடி பலம்?"னு கேக்காதீங்க. "ஸ்பாரிங்ல தலையில எவ்வளவு அடி விழும்? யார் நிறுத்துவாங்க?"னு கேளுங்க. ஹெட்கார்டு வெட்டுக் காயத்தைக் குறைக்கும். உள்ள மூளை குலுங்குறதை நிறுத்தாது. அந்த 400 கிலோவை வாங்கப் போறது உங்க தலை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!