போலீஸ் சொல்வது மட்டும்தான் செய்தியா?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் மதுரையில் பேசியதன் சாரம்)



மேலூர்ப் பக்கத்திலிருந்து நடவு வேலை செய்யும் தோழர் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். செல்போனை நீட்டி, "தோழர், இதைப் படிச்சுச் சொல்லுங்க. ரெண்டு பாராவுக்கு மேலே வரமாட்டேங்குது. காசு கட்டச் சொல்லுது" என்றார். லாக்கப் சாவு பற்றிய செய்தி அது. ஆள் எப்படிச் செத்தான் என்பது மூன்றாவது பாராவில் இருக்கிறது. அங்கே பூட்டுத் தொங்குகிறது. அதே போனில், "கைதி வழுக்கி விழுந்தான்" என்ற தகவல் மட்டும் ஐந்து பேர் கைமாறி வந்திருந்தது. அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19. ஊரடங்குக் காலம். செல்போன் கடை வைத்திருந்த பென்னிக்சையும், அவர் தகப்பனார் ஜெயராஜையும் போலீசார் ஸ்டேஷனில் பிடித்து வைத்தார்கள். 22ந் தேதி இரவு மகன் மாண்டார். 23ந் தேதி அதிகாலையில் தகப்பனார் மாண்டார். போலீசாரின் முதல் தகவல் அறிக்கை என்ன சொல்லிற்று? இவர்கள் தரையில் உருண்டு புரண்டு தாங்களே காயம் பட்டுக்கொண்டார்களாம்! கடைவீதிக் கேமராவில் அப்படியொன்றும் இல்லை.

ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் படங்கள் தினந்தோறும் தாமாக அழியும்படி வைத்திருப்பதைக் கண்டார். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்தார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தார். ஸ்டேஷனையே ரெவின்யூ இலாகாவின் பொறுப்பில் வைக்கும் நிலை வந்தது.

அடுத்தது நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோவில் காவலாளி அஜித்குமார், வயது 27. நகை களவு போனதாக ஒரு புகார். 2025 ஜூன் 28ந் தேதி அவர் உயிர் போயிற்று. தப்பியோடி விழுந்தார், வலிப்பு வந்தது என்று முதலில் சொன்னார்கள். ஆனால் அடித்ததை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் படம் பிடித்திருந்தார். சில விநாடிப் படம்தான். அது ஹைகோர்ட் வரை போயிற்று. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். போலீசார் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று.

இந்த இரண்டிலும் உண்மை வெளியே வந்ததற்குக் காரணம் யார்? பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன சாதாரண மனிதர்கள். அதை ஊரெல்லாம் பரப்பிய ஜனங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை தோழர்களே. சாத்தான்குளம் பற்றி ஒரு பாடகி பேசிய படம் நாடு முழுவதும் பரவிற்று. ஏராளமான பேருக்கு விஷயம் தெரிந்தது, அது நல்லதுதான். ஆனால் மிகைப்படுத்தியிருக்கிறது என்று சி.பி.சி.ஐ.டி. சொல்ல, பின்னால் அதை எடுத்துவிட நேர்ந்தது. நாம் ஒரு பொய்யைச் சேர்த்தால் எதிரி நம் பத்து உண்மைகளையும் பொய் என்பான். நாமே ஏன் அவனுக்கு அந்தக் கத்தியைத் தீட்டிக் கொடுக்க வேண்டும்?

இனி அந்தப் பூட்டு விஷயம். பத்திரிகைக்காரன் காசு கேட்பதை முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். நிருபனும் கூலிக்காரன்தான். சர்க்கார் விளம்பரத்தை மட்டும் நம்பியிருக்கும் பத்திரிகை, போலீசை எப்படித் தட்டிக் கேட்கும்? ஆனால் நாள்கூலியில் தனித்தனியே சந்தா கட்ட நம்மால் ஆகாது. அதற்கும் வழி இருக்கிறது. டீக்கடையில் ஒரு பத்திரிகையை ஒருவர் படிக்க இருபது பேர் கேட்டது நம் பழக்கம்தானே? சங்கம் ஒரு சந்தா கட்டட்டும். ஒருவர் படித்து, நடந்ததைத் தம் சொந்த வார்த்தையில் எழுதி அனுப்பட்டும். கட்டுரை அவர்களுடையது, நடந்த சங்கதி எவருக்கும் தனிச் சொத்தல்ல.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. சில விசேஷ வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டுமென்று 2016ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். ஹைகோர்ட் தீர்ப்புகளையும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம், தாராளமாகப் பகிரலாம். ஸ்டேஷன் கேமராப் படங்களை 18 மாதம் காக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் உத்தரவு. 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஸ்டேஷனில் கேமரா வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு தோழரைப் பிடித்துப் போனால் என்ன செய்வது? தேதி, நேரம், இடம், வண்டி நம்பரைக் குறியுங்கள். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். படம் எடுத்திருந்தால் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். மூலத்தைப் பத்திரப்படுத்தி முதலில் வக்கீலிடம் கொடுங்கள். படம் எடுத்தவர் பெயரை வெளியே விடாதீர்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நேரில் பார்க்காததை, "பார்த்தேன்" என்று எழுதாதீர்கள்.

மேலூர்த் தோழருக்கு அன்று மூன்றாவது பாராவைப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை எங்க ஊர்லயும் படிச்சுக் காட்டணும் தோழர்" என்றார். அதைச் செய்வோம். ஒவ்வொரு ஆலை வாசலிலும், ஒவ்வொரு சேரியிலும், களத்துமேட்டிலும் செய்வோம். ஸ்டேஷன் சுவருக்குள் நடப்பது நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்தால், ஓங்கிய லத்தி ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணத்தில் ஒரு உயிர் தப்பலாம்.