மூடிய அணி, மூடாத இடம்
(விளையாட்டு விழாவில் பேசியது)



நெட்பால், அணிக்கு 7 பேர் ஆடும் ஆட்டம். கூடைப்பந்து மாதிரிதான்; ஆனால் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் 2017-இல் சூப்பர் நெட்பால் போட்டி தொடங்கியபோது, மெல்பர்னின் காலிங்வுட் கால்பந்துக் கழகம் பெண்களுக்கு ஓர் அணி அமைத்தது. 7 சீசன் ஆடியும் கோப்பை இல்லை. வரவு செலவு கட்டுப்படியாகாமல் 2023-இல் அணியை மூடினார்கள். அதே ஆண்டு அவர்களுடைய ஆண்கள் கால்பந்து அணி சாம்பியன்!

ஆனாலும் அந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. 2024-இல் மெல்பர்ன் மேவரிக்ஸ் என்ற புது அணி வந்தது.

நம் பெண் பிள்ளைகள் த்ரோபால் ஆடும் இடத்தைப் பார்க்கிங் ஆக்கலாம் என்கிறார்கள். முதலில் மாற்று இடம் காட்டுங்கள். அப்புறம் கோடு போடுங்கள்.